சாண், முழம், சென்டிமீட்டர்

அளத்தலும் ஒருவகை எண்ணுதல்தான். கூடையில் உள்ள மாங்காய்களை எண்ணும்போது, எண்ண வேண்டியவை தனித்தனியாகக் கண்முன் கிடக்கின்றன. மேசையின் நீளத்தில் அப்படி எதுவும் தனித்தனியாக இல்லை. அது ஒரே ஓட்டமாகக் கிடக்கிறது. அதைத் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தால்தான் எண்ண முடியும். அந்தத் துண்டுக்கு அலகு என்று பெயர். அளப்பவர் ஓர் அலகைத் தேர்ந்தெடுக்கிறார். அதை முனையோடு முனை சேர்த்துத் திரும்பத் திரும்ப வைக்கிறார். எத்தனை முறை வைத்தார் என்று எண்ணுகிறார். ஸ்கேலை எடுத்து அளக்கும் பெரியவரின் கண்ணில் இந்த மூன்று வேலைகளும் படுவதில்லை. ஸ்கேலைச் செய்தவர் அவற்றை முன்பே முடித்து, கோடுகளாக அடித்து வைத்திருக்கிறார். அதே ஸ்கேல் ஐந்து வயதுக் குழந்தைக்கு எண்கள் அச்சடித்த ஒரு பட்டை மட்டுமே.

ஈர்க்குச்சி, தீக்குச்சி, கயிறு, தம்ளர், புளியங்கொட்டை போன்ற வீட்டுப் பொருள்கள் அளவைப் பாடத்தில் பயன்படுவதற்கு இதுவே காரணம். அவை மலிவானவை என்பது கூடுதல் வசதி. அவற்றில் எண் அச்சடித்திருக்காது. எண் வேண்டுமென்றால் குழந்தை அந்த மூன்று வேலைகளையும் தானே செய்தாக வேண்டும்.

ஊற்றினால் கூடுமா?

அளப்பதற்கு முன் குழந்தைக்கு ஒரு நம்பிக்கை உறுதிப்பட்டிருக்க வேண்டும்: பொருளை நகர்த்தினாலும், வளைத்தாலும், வேறு பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் அளவு மாறாது. பெரியவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லாத உண்மை. சிறு குழந்தைகளுக்கு அப்படியல்ல என்பதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டினார். ஒரே மாதிரியான இரண்டு தம்ளர்களில் சம அளவு தண்ணீர் இருக்கிறது. இரண்டும் சமம் என்று குழந்தை ஒப்புக்கொண்ட பிறகு, ஒன்றில் உள்ளதை உயரமான ஒடுங்கிய பாத்திரத்தில் அதன் கண்முன்பாகவே ஊற்றுகிறார்கள். இப்போது எதில் அதிகம் என்று கேட்டால், நான்கைந்து வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் உயரமான பாத்திரத்தைக் காட்டுவார்கள். தண்ணீர் மட்டம் ஏறியது தெரிகிறது. பாத்திரம் ஒடுங்கியது கணக்கில் வருவதில்லை. நீளத்திலும் இதே கதைதான். சமமான இரண்டு குச்சிகளை ஒட்டிவைத்து, ஒன்றைச் சற்று முன்னே தள்ளினால் அதுவே நீளமானது என்பார்கள். ஏழு வயதை ஒட்டி இந்த விடைகள் மாறத் தொடங்குகின்றன.

பியாஜே கருதியதைவிடக் குழந்தைகளுக்குக் கூடுதலாகத் தெரியும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1970களில் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினர். பொருள்களைப் பெரியவர் கலைக்காமல், 'குறும்புக்காரக் கரடிப் பொம்மை' வந்து கலைத்துவிட்டதுபோல் நடத்தினார்கள். அப்போது இரண்டும் சமமே என்று சரியாகச் சொன்னவர்கள் அதிகமாயினர். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், விடையும் மாற வேண்டும்போலும் என்று குழந்தை நினைத்துவிடுகிறது. வகுப்பறைக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. தவறான விடையைக் கேட்டவுடன் குழந்தைக்குப் புரியவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அடுத்தது, சரியான விடையைச் சொல்லிக்கொடுப்பதைவிட, தண்ணீரைத் திரும்பப் பழைய தம்ளரில் ஊற்றிப் பார்க்கக் குழந்தையையே விடுவது பயன் தரும்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தல்

அளவையின் முதல் படியில் எண்ணுக்கு வேலை இல்லை. இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நீளம், எது குட்டை என்று சொல்வதுதான் அது. இதிலும் ஒரு விதி மறைந்திருக்கிறது: இரண்டின் ஒரு முனையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பென்சில்களைச் சுவரோரம் முட்டவைத்து ஒப்பிடச் சொன்னால், சுவரே அந்த விதியைக் கற்றுக்கொடுத்துவிடும். நண்பர்கள் இருவர் உயரம் பார்க்கும்போது ஒருவன் படிக்கட்டில் ஏறி நின்றால் மற்றவன் சண்டைக்கு வருவான். அந்தச் சண்டையும் இதே விதியைப் பற்றியதுதான்.

இரண்டில் தேர்ந்த பிறகு ஐந்தாறு ஈர்க்குச்சிகளை வரிசைப்படுத்தலாம். மரியா மாண்டிசோரி வகுத்த முறையில் இதற்கென்றே 10 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை, பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கூடும் பத்துச் சிவப்புக் கோல்கள் உண்டு. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். கோல்கள் இல்லாத இடத்தில் தென்னை ஈர்க்கை வெட்டிக்கொண்டால் போதும்.

சொற்களில் கவனம் தேவைப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான். 'பெரிசு' என்ற ஒரு சொல்லுக்குள் நீளம், உயரம், பருமன், எடை எல்லாம் அடங்கிவிடுகின்றன. பூசணியும் புடலங்காயும் பக்கத்தில் இருக்கும்போது எது பெரிசு என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. 'கனம்' என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு: கனமான அட்டை தடித்த அட்டையாகவும் இருக்கலாம், எடை மிகுந்த அட்டையாகவும் இருக்கலாம். 'எதில் பெரிசு?' என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், பொருளின் எந்தப் பண்பை அளக்கிறோம் என்பது குழந்தைக்குத் தெளிவாகிவிடும்.

நடுவில் ஒரு கயிறு

சுவரையும் சன்னலையும் பெயர்த்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்க முடியாது. நகர்த்த முடியாத இரண்டுக்கும் இடையே மூன்றாவது பொருள் ஒன்று போய்வர வேண்டும். சன்னலின் அகலத்துக்குக் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டு, அதே கயிற்றை அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். சன்னலும் கயிறும் சமம், கயிற்றைவிட அலமாரி குட்டை, ஆகவே சன்னலைவிட அலமாரி குட்டை. கண்ணால் நேரே பார்க்காத ஒன்றைக் காரணத்தால் முடிவுசெய்யும் இந்த நடை, அளவைக்கு அடித்தளமான தருக்கம்.

பியாஜேயும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இதைக் கட்டைகளால் சோதித்தனர். ஒரு மேசையில் கட்டைகளால் கோபுரம் ஒன்று நிற்கிறது. உயரம் குறைந்த இன்னொரு மேசையில் அதே அளவுக் கோபுரத்தைக் கட்ட வேண்டும். மிகச் சிறிய குழந்தைகள் கண்ணால் பார்த்துக் கட்டி, இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்துக்கு வந்தவுடன் நிறுத்திவிடுவார்கள். சற்று வளர்ந்தவர்கள் தங்கள் உடம்பையே அளவாக்குவார்கள்: கோபுரம் தோள் வரை வந்ததா, மார்பு வரையா? அதன் பிறகே குச்சியைத் தேடுவார்கள். முதலில் கோபுரத்தின் அளவே உள்ள குச்சி வேண்டியிருக்கும். அதைவிட நீண்டது கிடைத்தால் அடையாளம் போட்டுக்கொள்வார்கள். சிறு குச்சியைத் திரும்பத் திரும்ப வைத்து அளப்பது கடைசியாக வரும். கையும் உடம்பும் கருவியாக இருந்து குச்சிக்கு மாறும் பாதை இது.

குழந்தைகளை வியக்கவைக்கும் கயிற்றுச் சோதனை ஒன்று உண்டு. சாதாரணத் தம்ளர் ஒன்றைக் காட்டி, அதன் உயரம் அதிகமா, வாயைச் சுற்றிய அளவு அதிகமா என்று கேட்க வேண்டும். பலரும் உயரம்தான் என்பார்கள். 7 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வாயின் சுற்றளவோ சுமார் 22 சென்டிமீட்டர். தம்ளரின் உயரத்தைப்போல் இரு மடங்குகூட இருக்கலாம். கயிற்றைச் சுற்றி எடுத்துப் பக்கத்தில் நிறுத்திக் காட்டியதும் கண் ஏமாந்தது தெரிந்துவிடும்.

அலகின் விதிகள்

அடுத்த படியில் 'எது நீளம்' என்ற கேள்வி 'எவ்வளவு நீளம்' என்று மாறுகிறது. பலகையை அளக்க ஒரே கம்பெனித் தீப்பெட்டியின் குச்சிகளை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் குழந்தைகள் செய்யும் பிழைகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். குச்சிகளுக்கு இடையே இடைவெளி விடுவார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைப்பார்கள். குச்சி தீர்ந்துபோனால் மீதியிடத்தை அழிரப்பரால் நிரப்பி, 'பதினொன்று' என்று எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவார்கள். வளைந்த வரிசையாக வைப்பதும் உண்டு. இவற்றைத் தடுக்கும் விதிகளை முன்கூட்டியே சொன்னால் அவை வெறும் கட்டளைகளாகத் தங்கிவிடும். இரண்டு குழுக்கள் ஒரே பலகையை அளந்து, ஒன்றுக்குப் பன்னிரண்டும் மற்றதற்குப் பத்தும் வந்தால், ஏன் என்ற விசாரணையில் விதிகள் தாமாக வெளிவரும்: இடைவெளி கூடாது, ஏறக் கூடாது, அலகு ஒன்றுபோலவே இருக்க வேண்டும், நேராகப் போக வேண்டும்.

பிறகு குச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு குச்சியைக் கொடுக்க வேண்டும். குச்சி முடியும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, எடுத்து, அந்தக் கோட்டிலிருந்து மறுபடி வைப்பது ஆறு வயதில் எளிதான வேலையல்ல. எண்ணிக்கை விட்டுப்போகும், கோட்டுக்கு முன்னோ பின்னோ குச்சி நழுவும். ஆனாலும் அலகைத் திரும்ப வைத்தல் என்ற கருத்து முழுமையாக விளங்குவது இந்த வேலையில்தான்.

அலகின் அளவு பற்றிய உண்மை ஒன்றும் இங்கே சேர்கிறது. ஒரே மேசை தீக்குச்சியால் அளந்தால் 24, புதுப் பென்சிலால் அளந்தால் 6 என்று வருகிறது. அதிக எண் என்றால் அதிக நீளம் என்றே குழந்தை நினைக்கும்; எண்ணுதலில் அது பழகிய வழக்கம். அலகு சிறுத்தால் எண்ணிக்கை கூடும், பெருத்தால் குறையும் என்ற தலைகீழ் உறவு புரியச் சில ஆண்டுகள் ஆகலாம். 'மேசையை முதலில் நீளமான செருப்பாலும் பிறகு குட்டைச் செருப்பாலும் அளக்கப்போகிறோம். எதில் எண் அதிகம் வரும்?' என்று அளப்பதற்கு முன்பே ஊகிக்கச் சொல்வது இதற்கு நல்ல பயிற்சி.

யாருடைய சாண்?

உடம்பு எப்போதும் கூடவே இருக்கும் அளவுகோல். விரற்கடை, சாண், முழம் என்று தமிழில் நீட்டலளவைச் சொற்கள் பல உடம்பிலிருந்து வந்தவை. பூக்கடையில் இன்றும் மல்லிகையை முழம் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அதில் பாதி ஒரு சாண். வகுப்பில் ஒரு கரும்பலகையை ஆசிரியரும் மாணவரும் தத்தம் சாணால் அளந்தால் ஆளுக்கொரு விடை வரும். அளந்ததில் பிழையில்லை, சாண்தான் வேறு.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய சோதனை, ஒவ்வொருவரும் தம் உயரத்தைத் தம் சாணால் அளப்பது. தரையில் படுத்தவரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு வரைந்துகொண்டு, அவரே எழுந்து அளக்க வேண்டும். குழந்தைக்கும் ஆசிரியருக்கும் விடை எட்டுச் சாணை ஒட்டியே வரும். 'எண் சாண் உடம்பு' என்ற வழக்கின் பொருள் இதுதான். ஆள் வளரும்போது சாணும் ஏறக்குறைய அதே விகிதத்தில் வளர்கிறது. தன்னை அளக்கத் தன் சாண் போதும். இன்னொருவரோடு பேச அது போதாது.

எல்லாருக்கும் பொதுவான அலகு எப்படிக் கிடைக்கும்? யாக்கோப் கோபெல் என்ற ஜெர்மானியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய நில அளவை நூலில் ஒரு வழி வருகிறது. தேவாலயத்திலிருந்து வெளிவரும் ஆண்களில் 16 பேரை, நெட்டை குட்டை பாராமல் நிறுத்தி, இடது பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கச் சொல்ல வேண்டும். அந்த மொத்த நீளம் ஒரு கோல். அதில் பதினாறில் ஒரு பங்கு ஓர் அடி. பதினாறு பாதங்களின் ஏற்றத்தாழ்வு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வகுப்பில் பத்துக் குழந்தைகளின் பாதங்களை வரிசையாக வைத்து, அந்த நீளத்துக்குக் கயிறு வெட்டிப் பத்தாக மடித்தால், 'எங்கள் வகுப்பின் அடி' கிடைத்துவிடும்.

மற்றொரு வழி, அலகை ஊர் பார்க்க ஓரிடத்தில் நிலையாக வைப்பது. நிலம் அளக்கும் கோலின் நீளம் தமிழகக் கோயில்கள் சிலவற்றின் கல்லில் கோடாக வெட்டப்பட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்ற பெயரே இருக்கிறது. உலகத்துக்கே பொதுவான அலகு வேண்டும் என்ற முயற்சியில் பிரான்சில் மீட்டர் பிறந்தது. 1799-இல் அதற்கான பிளாட்டினக் கோல் செய்யப்பட்டது. 1875-இல் மீட்டர் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மெட்ரிக் முறை வந்தது. சாணில் தொடங்கி வகுப்பின் அடிக்கு வந்த குழந்தைக்குச் சென்டிமீட்டர் எங்கிருந்தோ குதித்ததாகத் தோன்றாது.

ஸ்கேல் செய்தல்

கடையில் வாங்கிய ஸ்கேலுக்கு முன் குழந்தையே ஒன்று செய்வது நல்லது. நீளமான காகிதப் பட்டையில் ஒரு தீக்குச்சியை அடுத்தடுத்து வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு குச்சி முடியும் இடத்திலும் 1, 2, 3 என்று எழுதினால் தீக்குச்சி ஸ்கேல் தயார். எண் எழுதும்போது ஒரு கேள்வி எழும்: தொடக்கத்தில் என்ன எழுதுவது? இன்னும் ஒரு குச்சியும் முடியவில்லை, ஆகவே 0. ஸ்கேலில் உள்ள எண் ஒரு கோட்டின் பெயர் அல்ல, அதுவரை கடந்த துண்டுகளின் எண்ணிக்கை என்பது செய்தவருக்குத் தெரியும்.

இந்தப் புரிதல் வந்துவிட்டதா என்று பார்க்க உடைந்த ஸ்கேல் உதவும். பென்சிலின் ஒரு முனை 3-லும் மறுமுனை 8-லும் இருக்கிறது; நீளம் என்ன? 8 என்பவர் கடைசி எண்ணை மட்டும் படிக்கிறார். 6 என்பவர் 3, 4, 5, 6, 7, 8 என்று கோடுகளை எண்ணுகிறார். 5 என்பவரே இடைப்பட்ட துண்டுகளை எண்ணுகிறார். அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் இத்தகைய கேள்வி வந்தபோது, நான்காம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோர் தவறான விடையே எழுதினர். ஸ்கேலைப் பிடிக்கத் தெரிவது வேறு, அளக்கத் தெரிவது வேறு என்பது இதில் வெளிப்படுகிறது.

உண்மையான ஸ்கேலை எப்போது கொடுப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒப்பிடல், சொந்த அலகு, திட்ட அலகு என்ற வரிசை முடிந்த பிறகே என்பது பழைய வழக்கம். டக்ளஸ் கிளெமென்ட்ஸ், ஜூலி சராமா போன்ற ஆய்வாளர்கள் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்கிறார்கள். தொடக்கத்திலேயே விதவிதமான அலகுகளை மாற்றி மாற்றிக் கொடுப்பதும் குழப்பம் தரும். ஓரலகைத் திரும்ப வைக்கும் வேலையோடு ஸ்கேலையும் பக்கத்தில் வைத்துப் பழகினால் ஒன்று மற்றொன்றை விளக்கும்.

ஆழாக்கும் தம்ளரும்

கொள்ளளவில் அலகைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியதில்லை, ஊற்றினால் போதும். குடத்துக்கு எத்தனை செம்பு, செம்புக்கு எத்தனை தம்ளர் என்று மணலிலோ தண்ணீரிலோ விளையாடுவதே பாடம். ஊற்றியது பாத்திரத்துக்குள் கலந்து மறைந்துவிடுவதால் எண்ணிக்கை எளிதில் விட்டுப்போகும். ஒவ்வொரு தம்ளருக்கும் ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கி வைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது.

பழைய முகத்தலளவைகள் இரட்டிப்பாகவே ஏறுகின்றன: 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. பாதி, கால், அரைக்கால் என்ற பின்னங்களைக் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட எளிய கருவி கிடைப்பது அரிது. அரிசியைத் தலை தட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் பார்த்த குழந்தைக்கு, அலகு என்றால் அதை நிரப்பும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சுலபமாக விளங்கும்.

எடை: கண்ணுக்குத் தெரியாத அளவு

நீளமும் கொள்ளளவும் ஓரளவு கண்ணுக்குத் தெரியும். எடை கைக்குத்தான் தெரியும், கையும் ஏமாறும். எடை ஒன்றாக உள்ள இரண்டு பெட்டிகளில் சிறியதே கனமாகத் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் அகஸ்தின் ஷார்பான்தியே 1891-இல் பதிவுசெய்த மாயை இது. பெரிய பெட்டி கனமாக இருக்கும் என்று கை முன்கூட்டியே எதிர்பார்ப்பதால், தூக்கியதும் அது லேசாகத் தெரிகிறது என்பது வழக்கமான விளக்கம். ஒரு பெரிய பெட்டியிலும் சிறிய டப்பாவிலும் மணலைப் போட்டு எடையைச் சமமாக்கிக் கொடுத்தால் குழந்தைகளே இதைக் கண்டுகொள்வார்கள்.

துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் ஒரே மாதிரியான தயிர்க் கப்புகளைத் தொங்கவிட்டால் தராசு தயார். வெறுந்தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பொருளையும் எடைகளையும் தட்டு மாற்றி வைத்தும் சமமாக நின்றால்தான் தராசு நேர்மையானது. எடைக்கற்களாக விதைகளைப் பயன்படுத்தலாம். தட்டார்கள் பொன் நிறுக்கக் குன்றிமணியையும் மஞ்சாடியையும் பயன்படுத்தியது, அவற்றின் எடை விதைக்கு விதை அதிகம் மாறாது என்பதால். ஆனால் குன்றிமணி கடும் நஞ்சு. குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. புளியங்கொட்டையே போதும். நாணயங்களை எடுத்தால் ஒரே வகையாக இருக்க வேண்டும்; ஒரு ரூபாய் நாணயத்திலேயே பழையதும் புதியதும் எடையில் வேறுபடுகின்றன.

திட்ட அலகுக்கு வரும்போது தண்ணீர் துணைநிற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம். ஆகவே அரை லிட்டர் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் அரைக் கிலோ எடைக்கல் கிடைக்கிறது. அதே பாட்டிலில் அரிசியை நிரப்பினால் எடை குறையும். ஒரு லிட்டர் அரிசி சுமார் 800 கிராம்தான், மணிகளுக்கு இடையே காற்று இருப்பதால். கொள்ளளவும் எடையும் வெவ்வேறு என்பதற்கு இது நேரடிச் சான்று.

நேரம்

நேரத்தைத் திரும்ப எடுத்துவந்து பக்கத்தில் வைக்க முடியாது என்பதால் அது கடைசியில் வருகிறது. இரண்டு செயல்களை ஒன்றாகத் தொடங்கி எது முதலில் முடிகிறது என்று பார்ப்பது தொடக்கம். இங்கே தொடக்கத்தை ஒன்றாக்குவது, பென்சில் முனைகளைச் சுவரில் முட்டவைப்பதற்குச் சமம். அடுத்து அலகு வேண்டும். கைதட்டலை எண்ணினால் அவசரத்தில் வேகம் கூடிவிடும். கயிற்றில் கட்டித் தொங்கும் கல் அப்படி அவசரப்படாது. 25 சென்டிமீட்டர் கயிறு ஒருமுறை போய்வர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. கனமான கல்லைக் கட்டினாலும் அது மாறாது, கயிற்றை நீட்டினால் மாறும்.

அடியில் சிறு துளையுள்ள கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தை அலகாகக் கொள்வது இந்தியாவின் பழைய முறை. அந்த அலகான நாழிகை 24 நிமிடம். 60 நாழிகை ஒரு நாள். கொட்டாங்குச்சியின் கண்ணில் சிறு துளையிட்டு வாளியில் மிதக்கவிட்டால் அதே கருவி வகுப்பில் வேலை செய்யும். துளையைப் பெரிதாக்கினால் அலகு சிறிதாகிறது; நேரத்திலும் அலகு சிறுத்தால் எண்ணிக்கை கூடும்.

ஊகமும் பிழையும்

எந்த அளவையிலும் முதலில் ஊகம், பிறகு அளவு, அதன்பின் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ற வரிசையைப் பழக்கலாம். ஊகத்துக்குக் கைவசம் சில அளவுகள் வேண்டும்: சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், A4 தாளின் நீளம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், அரை லிட்டர் பால் பாக்கெட்டின் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இவை மனதில் இருந்தால், வகுப்பறையின் நீளம் 8 சென்டிமீட்டர் என்று எழுதிய குழந்தை தன் பிழையைத் தானே பிடித்துவிடும்.

ஒரே மேசையை ஐந்து பேர் கவனமாக அளந்தாலும் 118, 119, 118, 120, 118 என்று வரக்கூடும். இதில் யாரும் தவறு செய்யவில்லை. கோட்டுக்கும் முனைக்கும் இடையே எப்போதும் ஒரு சிறு மீதி இருக்கும். 'நூற்றுப்பதினெட்டும் கொஞ்சமும்' என்பது நேர்மையான விடை. அந்தக் கொஞ்சத்தையும் எண்ண வேண்டுமென்றால் இன்னும் சிறிய அலகு தேவை. சென்டிமீட்டரைப் பத்தாகப் பிரித்த மில்லிமீட்டரும், அதைத் தொடர்ந்து தசமப் புள்ளியும் வருவது இந்தத் தேவையால்தான்.